மிதிவெடிக்குத் திரும்பவும் கதவு திறக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம். பின்லாந்து, போலந்து, எஸ்தோனியா, லத்வியா, லிதுவேனியா எல்லாம் 1997ஆம் ஆண்டு ஒட்டாவா மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில இருந்து விலக 2025இல எடுத்த முடிவைப் பற்றி உங்கட பத்திரிகையில வந்த செய்தியை வாசிச்சன். ரஷ்யா பக்கத்தில இருக்கிற பயம் எங்களுக்கு விளங்காமல் இல்லை, உக்ரைன்ல நடக்கிறதைப் பார்த்தால் ஆருக்கும் பயம் வரும்தான், ஆனால் மிதிவெடிக்கு சண்டை முடிஞ்சது தெரியாது, ஆமிக்காரன்ட காலா ஆடு மேய்க்கிற பொடியன்ட காலா எண்டும் தெரியாது.

பளைக்குப் பக்கத்தில முகமாலையில எங்கட அம்மம்மான்ட தென்னங்காணி இருக்கு. 2009இல யுத்தம் முடிஞ்சும் வருஷக்கணக்கா மண்டையோடு கீறின சிவப்புப் பலகைக்கு இங்கால நிண்டுதான் பார்த்தம், வட்டுப் போன மரங்கள் அப்பிடியே நிண்டுது. வெயிலுக்க முகக்கவசம் போட்டு, முழங்காலில இருந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா வழிச்சு மிதிவெடி எடுத்த ஆக்களில கனபேர் பொம்பிளையள், அதில புருஷனை யுத்தத்தில பறிகுடுத்தவையும் இருந்தவை. அம்மம்மா காணிக்க திரும்பக் கால் வைக்காமலே போயிட்டா.

இலங்கை 2017இல இந்த ஒப்பந்தத்தில சேர்ந்த நாடு. அந்த ஐந்து நாட்டுக்கும் எங்கட அரசாங்கம் இதை நேரா எடுத்துச் சொல்லவேணும், முகமாலைக்குக் கூட்டிக்கொண்டு வந்து காட்டவும் வேணும். நீங்களும் அந்தப் பொம்பிளையளோட கதைச்சு ஒரு தொடர் போடுங்கோ.

– ஒரு வாசகி, கிளிநொச்சி