சாக்கடைக்குள் கிடக்கும் குடிநீர்க் குழாயை மாற்றித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
கீழத்தெரு, ஓடைத்தெரு குடியிருப்போர்,
கம்பம் பள்ளத்தாக்கு, தேனி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்.

பொருள்: ஓடைப் பாலத்தடியில் குடிநீரில் சாக்கடை கலப்பது – குழாயை மாற்றக் கோருவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் தங்கள் அலுவலகத்தில் கொடுத்த முந்தைய மனுக்கள்.

ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டைத் தவிர எதுவும் வரவில்லை என்பதால் மீண்டும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். இடம் தங்களுக்குத் தெரிந்ததுதான். சந்தையிலிருந்து கிழக்கே இறங்கினால் வரும் சின்னப் பாலம்.

1. அந்தப் பாலத்தடியில் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே கிடக்கிறது. துரு அரித்த இடத்தில் சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள்.

2. பாதாளச் சாக்கடை இல்லாததால் மேல்தெருக்களின் கக்கூஸ் தண்ணீரும் அதே ஓடையில்தான் வந்து சேர்கிறது.

3. தண்ணீர் விடுவது ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில். வால்வை அடைத்ததும் குழாய் காலியாகி, வெளியே தேங்கி நிற்கும் சாக்கடையை ஓட்டை வழியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. சில வீடுகளில் மோட்டாரை நேராகக் குழாயில் மாட்டி உறிஞ்சுவதால் இன்னும் மோசம். அடுத்த முறை திறந்தால் முதலில் வருவது அந்தச் சாக்கடைதான். கறுப்பாக, நாற்றத்தோடு, சில நாள் புழுவோடு வரும். அது தெளிகிறவரை திறந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கள் தெருப் பெண்களில் பெரும்பாலோர் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். குமுளி மலை ஏறும் ஜீப் யாருக்காகவும் நிற்காது. தண்ணீர் தெளியட்டும் என்று நின்றால் அன்றைய கூலி போச்சு. கூலிக்குப் போனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. அதனால் பிள்ளைகளைக் குடத்தோடு குழாயடியில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். எது தெளிந்த தண்ணீர், எது தெளியாதது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தெரியும்? பிடித்ததைக் குடிக்கிறது. அப்புறம் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், மஞ்சள் காமாலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தாய் மறுபடியும் கூலியை விடுகிறாள். கேன் தண்ணீர் வாங்குங்கள் என்று தங்கள் அலுவலகத்தில் சொல்கிறார்கள். தினக்கூலியில் எத்தனை கேன் வாங்குவது ஐயா?

4. நிதி இல்லை, திட்டம் வரும்போது பார்க்கலாம் என்பது வாய்மொழியாகக் கிடைத்த பதில். மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகராட்சி வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் இந்தப் பதிலை ஏற்கவில்லை. சாக்கடை நாற்றம் தாங்காமல் வழக்குப் போட்டது அங்கேயும் தெரு ஜனங்கள்தான். பணமில்லை என்று சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று தீர்ப்பாயிற்று. மாசில்லாத தண்ணீர் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 1991-லும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாங்கள் வழக்குக்குப் போகிற ஆட்கள் இல்லை. ஒரு பாலத்தின் அகலத்துக்குக் குழாய்தான் கேட்கிறோம்.

5. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவதாகச் சொல்கிறீர்கள். சரி. கடைசி வீட்டுக் குழாயில் என்றைக்காவது சோதித்தீர்களா? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 10500-ன்படி லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. குடிநீர்க் கட்டணம் பாக்கி என்றால் இணைப்பைத் துண்டிக்க ஆள் வருகிறது, சோதிக்க மட்டும் ஆள் இல்லையா? முல்லைப் பெரியாறு அணை எழுந்தது 1895-ல். மலையைக் குடைந்து அந்தத் தண்ணீரைக் கிழக்கே திருப்பினார்கள். அதற்காக, அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்குக்கு இன்றும் பொங்கல் வைக்கிற பள்ளத்தாக்கு இது. மலையைத் தாண்டி வந்த தண்ணீர் எங்கள் பாலத்தைத் தாண்ட முடியவில்லை!

ஆகவே ஐயா, குழாயைச் சாக்கடையிலிருந்து எடுத்துப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி மேலே கொண்டுபோகுமாறு கேட்டுக்கொள்கிறோம். அந்த வேலைக்காக ஓடையில் யாரையும் இறக்கிச் சாக்கடையைக் கையால் அள்ளவைக்க வேண்டாம். கையால் மலம் அள்ளும் வேலையை ஒழிக்க வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தடுக்கிறது, எங்களுக்கும் அது சம்மதமில்லை. வேலை முடியும்வரை, பெண்கள் தோட்டத்திலிருந்து திரும்பிய பிறகு, மாலையில் லாரித் தண்ணீர் அனுப்புங்கள்.

மறுபடியும் கேட்கிறோம், அந்தக் குழாயை மாற்றிக் கொடுங்கள். எந்தத் தேதிக்குள் என்பதை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
கீழத்தெரு, ஓடைத்தெரு குடியிருப்போர்.

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், பாலத்தடிக் குழாயின் புகைப்படங்கள்.