சிலிண்டரை மணிக்கணக்கில் எண்ணு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் பதில் கிடைத்தது. கொரோனா வார்டுக்கு ஆறு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது, சமாளித்துவிடுவோம் என்று எழுதியிருக்கிறாய். எத்தனை சிலிண்டர் என்று சொல்லாதே, எத்தனை மணி நேரம் என்று சொல். பெரிய சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 7000 லிட்டர். ஒருவருக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் வைத்தால் பதினொன்றரை மணி நேரம் ஓடும். மூன்று பேருக்கு அப்படி வைத்தால் உன் ஆறும் ஒரு நாளைக்குக்கூடக் காணாது. நிரப்பிக் கொண்டுவர வண்டிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு வைத்துக்கொள். பாதி தீர்ந்ததுமே போன் போடு.

காலி சிலிண்டரைத் தனியாக, "காலி" என்று எழுதி வை. ராத்திரி அவசரத்தில் அதைத்தான் எடுத்து மாட்டுவார்கள். ஸ்பேனரை ஸ்டாண்டிலேயே கட்டித் தொங்கவிடு. வாஷர் இரண்டு கூடுதலாக வை. அது தேய்ந்தால் ரெகுலேட்டர் ஓரமாகவே ஆக்சிஜன் போய்விடும். எண்ணெய்க் கையோடு ரெகுலேட்டரைத் தொடவே கூடாது, தீப்பிடிக்கும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர், கரண்ட் போனால் நின்றுவிடும். பக்கத்தில் ஒரு சிலிண்டர் மாட்டித் தயாராக இருக்கட்டும்.

நகரத்தில் இடம் கிடைத்தும் கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ. அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்கே தெரியும். ஆனாலும் போன் பண்ணினால் எடுக்க மாட்டேன் என்கிறாயே! போன தடவை பேசும்போது இருமினாய், தூசி என்றாய். சரி.

மூச்சு வாங்கவில்லை என்பதற்காக நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடாதே. இந்தக் கொரோனாவில், விரலில் மாட்டும் மீட்டர் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 85 என்று காட்டும்போதும் சிலர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ மீட்டர் தப்பாகக் காட்டும். தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார். மூச்சை முழு நிமிடம் எண்ணு. ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனதுமே பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை கேள். ஆம்புலன்ஸில் இருக்கும் சின்ன சிலிண்டர் 1500 லிட்டர்தான், 10 லிட்டர் வைத்தால் இரண்டரை மணி நேரம். போய்ச் சேர்ந்தபிறகு வாசலில் காத்திருக்கும் நேரத்தையும் அதில் சேர்த்துக்கொள்.

ஊழியர்களை இரண்டு குழுவாகப் பிரி. ஒரு குழு மற்றதைச் சந்திக்கவே வேண்டாம். வார்டில் எல்லாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். ஓய்வறையில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சேர்ந்து சாப்பிடும்போதுதான் தொற்றிக்கொள்ளும். பாதுகாப்பு உடையைக் கழற்றும்போது முதலில் கையுறை, பிறகு கவுன், பிறகு கண்ணாடி. வெளியே வந்தபிறகுதான் மாஸ்க். ஒவ்வொன்றுக்கும் இடையே கை கழுவு. களைத்துப்போன நேரத்தில்தான் இந்த வரிசை தப்பும். அதனால் தூங்கு. டாக்டர் என்று அங்கே நீ ஒருத்திதான். நீ படுத்துவிட்டால் யார் பார்ப்பது? அதற்கு ஒரு ஆளை இப்போதே கேட்டு எழுதிப் போடு. தூங்கு.

பேச நேரமில்லை என்றால் பரவாயில்லை. தினமும் காலையில் உன் விரலிலும் மீட்டரை மாட்டிப் பார்த்து அந்த எண்ணை மட்டும் அனுப்பு. ஆறு நிமிடம் நடந்தபிறகு எவ்வளவு காட்டுகிறது என்பதையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா