ஓடையில் ஊற்றாதீர்கள், முதலில் ஜாடியில் சோதியுங்கள்

நீர்நிலைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் சுத்திகரிப்பு நிலைய நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

நொய்யல் ஆற்றில் சேரும் ஓடை ஒன்றில் பழத்தோல் என்சைம் பீப்பாய் பீப்பாயாகக் கவிழ்க்கப்பட்டிருக்கிறது. சந்தைக் கழிவைக் கொண்டே சாயநீரைத் தெளிய வைக்கும் திட்டம் என்று அறிவித்திருக்கிறீர்கள். நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுநீர் தேங்கிக் கெட்டதையும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் உங்களுக்கு நாங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: அடுத்த பீப்பாயை ஓடையில் ஊற்றாதீர்கள்.

அந்தக் கரைசல் 1 பங்கு வெல்லம், 3 பங்கு தோல், 10 பங்கு தண்ணீர் என்று கலந்து 3 மாதம் ஊற வைப்பது. 200 லிட்டர் பீப்பாயில் ஏறக்குறைய 14 கிலோ வெல்லம் இருக்கும். அது ஆல்கஹாலாகவும் வினிகராகவும் மாறுமே தவிர காணாமல் போகாது. ஒரு கிலோ வெல்லம் தண்ணீரில் முழுதாகச் சிதைய ஏறத்தாழ ஒரு கிலோ ஆக்சிஜன் வேண்டும். நொதிக்கும்போதே பாதி தீர்ந்துவிட்டது என்று தாராளமாகக் கழித்தாலும் 7 கிலோ மிஞ்சுகிறது. 30 டிகிரி வெயிலில் நல்ல தண்ணீரிலேயே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பீப்பாய்க்கு 9 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரின் ஆக்சிஜன் தேவை. ஏற்கெனவே மூச்சுத் திணறிக் கிடக்கும் ஓடைக்கு இது மருந்தா?

ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு சாயத்தைப் பிடித்துக் கசடாகத் திரட்டும் என்சைம் பெராக்சிடேஸ். முள்ளங்கி, டர்னிப், பாகற்காய், உருளைக்கிழங்குத் தோல் எல்லாவற்றிலும் அது உண்டு. ஆனால் பச்சையாக இருக்கும்போதுதான் உண்டு. வினிகர் புளிப்பில் 3 மாதம் கிடந்த கரைசலில் அது வேலை செய்யும் நிலையில் மிஞ்சுவது அரிது.

ஆகவே கழிவு என்சைமே வேண்டாம் என்பதல்ல எங்கள் வாதம். முறையாகச் செய்யுங்கள் என்கிறோம். அன்றன்று சந்தையில் ஒதுக்கும் முள்ளங்கியைக் கழுவி, கிலோவுக்கு 2 லிட்டர் குளிர்ந்த தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டி, தெளிந்த சாற்றை அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். சாற்றில் உயிர் இருக்கிறதா என்று அறிய ஒரு துளி குவாயக்கால் என்ற வேதிப்பொருளும் ஒரு துளி நீர்த்த பெராக்சைடும் போதும். செம்பழுப்பு நிறம் ஏறாவிட்டால் அந்தச் சாறு உதவாது. சாயப்பட்டறைத் தண்ணீர் காரத்தன்மையோடும் சூடாகவும் வரும். அதை 40 டிகிரிக்குள் ஆற வைத்து, அமிலம் சேர்த்து பிஎச் எனும் அமில-கார அளவை 5 முதல் 6 வரை இறக்கிய பிறகே சாற்றை விட வேண்டும்.

பெரும்பாலும் கோட்டை விடுவது பெராக்சைடு அளவில்தான். 1,000 லிட்டருக்கு 30 சதவீதக் கரைசல் 50 மில்லி என்று தொடங்கலாம். அதையும் ஒரேயடியாக ஊற்றாமல் நாலைந்து தவணையாக விட வேண்டும். மிகுந்தால் பெராக்சைடே என்சைமைக் கொன்றுவிடும். குறைந்தாலும் வினை நின்றுபோகும். பச்சைச் சாற்றில் கேட்டலேஸ் என்ற இன்னொரு என்சைமும் இருக்கிறது. அது பெராக்சைடைத் தின்றுவிடும். பிளீச்சிங் முடிந்ததும் பட்டறைகளில் போடும் பெராக்சைடு கில்லரும் கேட்டலேஸ்தான். அந்தத் தண்ணீர் கலந்து வந்தால் எவ்வளவு முள்ளங்கி அரைத்தாலும் பலனில்லை. பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களில் சில துணை வேதிப்பொருள் இல்லாமல் அசையவே அசையாது. அதனால்தான் ஜார் டெஸ்ட் வேண்டும் என்கிறோம்: அந்தந்தப் பட்டறைத் தண்ணீரை ஒரு லிட்டர் வீதம் ஆறு ஜாடிகளில் எடுத்து, அளவுகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து நிறத்தையும், கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று காட்டும் சிஓடியையும் அளந்து பாருங்கள். ஒரு ஜாடியில் சாறு விடாமல் வையுங்கள். இல்லையென்றால் நிறம் எதனால் குறைந்தது என்றே தெரியாது.

அடியில் படியும் கசடை அள்ளி, அபாயக் கழிவுக்குரிய இடத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஓடையில் ஊற்றினால் அந்தக் கசடு எங்கே போகும்? ஓடையின் மடியிலேயே தங்கும்.

உப்பைப் பற்றி அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை. இதுதான் எங்களை மிகவும் வருத்துகிறது. ரியாக்டிவ் சாயத்துக்கு லிட்டருக்கு 50, 60 கிராம் உப்புப் போடுகிறார்கள். அதில் ஒரு கிராமைக்கூட எந்த என்சைமும் தொடாது. வெளியே விடும் நீரில் கரைந்த உப்பு (டிடிஎஸ்) லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உங்கள் விதி. ஆற்றோரக் கிணறு உப்பேறிப் போனவர்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூட லாரியை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்குத் தண்ணீரின் நிறம் போனதால் என்ன பயன்? தெளிவாகத் தெரிகிறதே என்று நம்பி இறைத்துப் பாய்ச்சினால் பயிரும் போகும், மண்ணும் போகும். உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. ஆலையும் ஆவியாக்கியும் முழுத் திறனில் ஓடுவதைக் கண்காணிக்க வேண்டிய நேரத்தில் பீப்பாய்க்கு மாலை போட்டுப் படம் எடுப்பது எங்களுக்கு ஆறவில்லை.

கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள். ஒரு பட்டறையின் சேகரிப்புத் தொட்டியில், ஆர்.ஓ.வுக்கு முன்னால், 1,000 லிட்டர் அளவில் சோதனை நடத்த அனுமதி கொடுங்கள். பிஎச், நிறம், சிஓடி, டிடிஎஸ், கசட்டின் எடை ஆகிய ஐந்தையும் முன்னும் பின்னும் அளந்து ஊர்ப் பலகையில் ஒட்டுங்கள். சாறு பிழியவும் ஜாடி பிடிக்கவும் நாங்கள் வருகிறோம். அதுவரை ஓடையில் ஒரு சொட்டும் வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நொய்யல் கரையில் நீர்ப் பரிசோதனை செய்வோர்