பழைய வேட்டி அனுப்புங்கள், புதுத் துணி வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கு,

போன வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சட்டையெல்லாம் கறுப்பு மையோடு வீட்டுக்கு வந்ததைப் பார்த்து நான்கைந்து பேர் போன் செய்து திட்டினீர்கள். நியாயம்தான். ஏப்ரன் இல்லாமல் மை உருளையைக் கையில் கொடுத்தது என் தப்பு. ஆனால் அச்சு வகுப்பை நிறுத்தப் போவதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கட்டையில் ஒட்டிய லினோவில் (கத்திக்கு எளிதில் மசியும் மெத்தென்ற தகடு) ஆளுக்கு ஓர் எழுத்து செதுக்கினார்கள். ஒரு பையன் ‘ழ’வை எடுத்துக்கொண்டு ஒரு பீரியட் முழுக்க மெனக்கெட்டான், தாளில் ஒற்றிப் பார்த்தால் எழுத்து இடம் வலம் மாறி நிற்கிறது. முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் டிரேசிங் பேப்பரில் எழுதி, கவிழ்த்து வைத்து, புதிதாகச் செதுக்கினான். சரியாக வந்தது. அதே கட்டையை டீச்சரின் பழைய பருத்தித் துப்பட்டாவில் வைத்ததும் இன்னொரு கூத்து: தாளில் கத்தி மாதிரி விழுந்த ஓரம் துணியில் கசிந்து மீசை முளைத்துவிட்டது. தாளுக்குக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் போதும். துணிக்கு அடியில் கம்பளியை மடித்துப் போட்டு, மையைக் குறைத்து, கட்டையின் தலையில் கையால் ஓங்கிக் குத்த வேண்டியிருந்தது.

தாளும் துணியும் நெருங்கிய சொந்தம்தான். ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேரில் மரக்கட்டையால் துணியில் அச்சடிக்கிறார்கள், அதே ஊரில் பருத்திக் கழிவைக் கூழாக்கிக் கைத்தாளும் செய்கிறார்கள். நாங்கள் வாங்கியது அப்படிப்பட்ட தாள். உங்கள் பிள்ளை ‘க’ ஒற்றிய தாள் போன ஜென்மத்தில் பனியனாக இருந்திருக்கலாம்.

அடுத்தது கலம்காரி, அதாவது துணியில் இயற்கைச் சாயத்தால் படம் போடும் ஆந்திரக் கலை. காளஹஸ்தியில் மூங்கில் பேனாவால் வரைவார்கள், மசூலிப்பட்டினத்தில் கட்டையால் அடிப்பார்கள். அதில் வரும் கறுப்பு, இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் நாள்கணக்கில் புளிக்க வைத்து எடுப்பது. கடுக்காய்ச் சாற்றில் நனைத்துக் காயவைத்த துணியில் பட்டதும் கறுத்துவிடும். பின்பக்க வராந்தாவில் ஒரு வாளி வைத்திருக்கிறோம், பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது நாற்றம் அடித்தால் சாக்கடை அடைத்துக்கொண்டதாக நினைத்து எனக்கு மறுபடி போன் செய்யாதீர்கள்.

இதற்குத்தான் துணி வேண்டும். தாத்தாவின் பழைய வேட்டி, கிழிந்த பருத்திப் புடவை எதுவானாலும் சரி, நன்றாகத் துவைத்துத் திங்கட்கிழமைக்குள் அனுப்புங்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், சாயம் உள்ளே இறங்காது. சரோஜினி நகரில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாலியெஸ்டர் வாங்கி அனுப்பவே வேண்டாம்.

அதற்கடுத்த சனிக்கிழமை பிரகதி மைதானம் பக்கத்தில் இருக்கும் கைவினை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறோம். சாப்பாட்டு டப்பா கட்டிக்கொடுங்கள்.

அப்புறம், அந்த மைக்கறை. எண்ணெய் மை என்பதால் சோப்புக்கு லேசில் மசியாது. பருத்திச் சட்டையாக இருந்தால் அதையும் துணியோடு சேர்த்து அனுப்புங்கள், கறை இருக்கிற இடத்திலேயே ‘ழ’ அடித்துத் தருகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்