வெளிமாநில வாரண்ட் நம் மாவட்டத்தில் நிறைவேற்றப்படும் முறை குறித்து கோரிக்கை மனு

அனுப்புநர்: மாங்காய் மண்டி வியாபாரி, காவேரிப்பட்டினம் (பெயர், முகவரி இணைப்பில்)

பெறுநர்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள், கிருஷ்ணகிரி

மதிப்பிற்குரிய ஐயா,

என் தம்பி ஒரு பெங்களூரு வியாபாரிக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. பணம் பெற வேண்டியவரின் வங்கிக் கணக்கு உள்ள ஊரில்தான் வழக்கு என்று 2015-இல் சட்டம் திருத்தப்பட்டதால், வழக்கு அங்கேயே நடக்கிறது. மாங்காய் சீசனில் தம்பி இரண்டு வாய்தாவுக்குப் போகவில்லை. தப்புதான். பிடிவாரண்ட் வந்துவிட்டது.

போன மாதம் இரவு 11 மணிக்குச் சாதாரண உடையில் மூன்று பேர் வந்து தம்பியை வண்டியில் ஏற்றினார்கள். வாரண்டைக் காட்டச் சொன்னதற்கு, "ஸ்டேஷனுக்கு வந்து பாருங்க" என்றார்கள். எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை. மறுநாள் மதியம் பெங்களூரிலிருந்து ஒரு வக்கீல் போன் செய்த பிறகுதான் அவன் இருக்கும் இடமே தெரிந்தது. அதுவரை அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கர்நாடக ஜட்ஜ் போட்ட வாரண்ட் இங்கே செல்லாது என்று மண்டியில் பலரும் சொன்னார்கள். விசாரித்தேன், அது சரியில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 1.7.2024 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவுப்படி வாரண்டை இந்தியாவில் எங்கும் நிறைவேற்றலாம். பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும்வரை அல்லது ஆள் பிடிபடும்வரை அது காலாவதியும் ஆகாது. ஆகவே வாரண்ட் மீது எனக்குப் புகார் இல்லை.

ஆனால் கேட்டால் வாரண்டைக் காட்ட வேண்டும் என்கிறது 77-ஆம் பிரிவு. எல்லை தாண்டி வரும் போலீஸ், வழக்கமாக இங்குள்ள நிர்வாக நடுவரிடமோ (தாசில்தார் போன்ற அதிகாரி) காவல் நிலைய அதிகாரியிடமோ மேலொப்பம், அதாவது வாரண்டிலேயே ஒப்புதல் கையெழுத்து, பெற வேண்டும் என்கிறது 81-ஆம் பிரிவு. அதற்குள் ஆள் தப்பிவிடுவான் என்றால் மட்டும் விலக்கு. கல்லாவை விட்டு நகராதவன் எங்கே தப்புவான்? அப்புறம் 82-ஆம் பிரிவு: வாரண்ட் பிறப்பித்த நீதிமன்றம் 30 கிலோமீட்டருக்குள் இல்லையென்றால், பிடித்தவரை முதலில் இங்குள்ள நிர்வாக நடுவர் முன்போ தங்கள் முன்போ நிறுத்த வேண்டும். பெங்களூரு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். செக் வழக்கு ஜாமீனில் விடக்கூடியது. பிடிபட்டவர் ஜாமீன் தரத் தயாராக இருந்தால் இங்கேயே பெற்றுக்கொண்டு பத்திரத்தை அந்த நீதிமன்றத்துக்கு அனுப்ப 83-ஆம் பிரிவு சொல்கிறது. அன்றிரவு அந்த வண்டி கிருஷ்ணகிரியைத் தாண்டித்தான் போனது. நிற்கவில்லை.

எனவே, வெளிமாநில போலீஸ் வரும்போது வாரண்டில் நீதிமன்ற முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்து மேலொப்பம் இடவும், அன்றே குடும்பத்துக்குத் தகவல் சொல்லவும், பிடிபட்டவரை 82-ஆம் பிரிவுப்படி நிறுத்தவும் மாவட்டத்தின் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் எழுத்துப்பூர்வமாக உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தம்பிக்கு அடுத்த வாய்தா வருகிறது. இந்த முறை நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்