புழுக்கை கூட்டுகிறவரிடம் கேள்

மண்டபம்
சித்திரை மாதம்

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுவது.

உன் முயல் இரண்டில் உப்பு மறுபடியும் புல் கடிக்க ஆரம்பித்துவிட்டது என்று மருமகள் சொன்ன பிறகுதான் உன் அம்மா அடுப்படிப் பக்கமே போனாள். நேரத்தோடு வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதால் முயல் பிழைத்தது. அதில் உன்னைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. போனில் சொன்னால் நான் பாதி சொல்வதற்குள் "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

பாப்பா நேற்று என்னிடம் சொன்னாள்: "தாத்தா, எங்க வீட்டு ஆயாதான் உப்புக்கு எதையோ குடுத்துச் சாகடிக்கப் பார்த்துச்சு." ஆறு வயதுப் பிள்ளைக்கு இப்படித் தானாகத் தோன்றாது. வீட்டு வேலைக்கு வரும் அந்தம்மாவைக் கூடத்தில் நிறுத்தி நீ கேட்ட கேள்விகளை அவள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். வீடியோவில் பாதி என் காதிலும் விழுந்தது. உன் வயசுக்கு மூத்த மனுஷியிடம் "என்னத்தப் போட்டுத் தொலச்ச, சொல்லு" என்று கேட்டாய். அதே மூச்சில் முயலைப் பார்த்து "என் தங்கம், என்னடா ஆச்சு" என்றாய்.

முயலுக்கு என்ன ஆச்சு என்று நான் சொல்கிறேன். யாரும் எதையும் போடவில்லை. குடல் நின்றுபோனது. முயலின் குடல் ராவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அதை ஓட்டுவது நார். நீ வாங்கி வைத்திருக்கும் தீவனப் பாக்கெட்டும் கேரட்டும் அந்த வேலையைச் செய்யாது. கேரட் அதற்கு மிட்டாய் மாதிரி. படப் புத்தகத்தில் முயலும் கேரட்டும் சேர்ந்தே இருப்பதால் எல்லாரும் அதையே அள்ளிப் போடுகிறார்கள். தின்பதில் ஐந்தில் நாலு பங்கு புல்லாக இருக்க வேண்டும். காய்ந்த புல்லாக இருந்தால் இன்னும் நல்லது. பல்லும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும்.

இதற்கு மேல் உன் பால்கனி. மேற்குப் பார்த்தது, மூன்று மணிக்குப் பிறகு வெயில் நேராகக் கூண்டில் அடிக்கிறது. முப்பது டிகிரியைத் தாண்டினாலே முயலுக்கு மூச்சு வாங்கும். அதற்கு நம்மைப் போல வேர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் முயல் வளர்க்கிறார்கள், அந்தக் குளிர் அதற்குச் சுகம். சென்னைச் சித்திரை அப்படியா? சூட்டில் தீனி குறைந்தது, குடல் சோர்ந்தது, வாயு கட்டியது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமல் ஒடுங்கிக் கிடந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். முதல் நாள் சாயங்காலமே அந்தம்மா மருமகளிடம் சொல்லியிருக்கிறார்: "கூண்டுல இன்னைக்குப் புழுக்கையே இல்லம்மா." மருமகளே என்னிடம் சொன்னாள், வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். கூட்ட வேலை மிச்சம் என்று சொல்கிறார் என நினைத்தாளாம். உங்கள் வீட்டில் அன்றைக்கு முயலைச் சரியாகப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவரைத்தான் நீ நிறுத்தி வைத்துக் கேட்டாய்.

நான் கால்நடை ஆய்வாளராகச் சுற்றிய காலத்தில் கீதாரிகளின் ஆட்டுக் கிடைக்குப் போவேன். தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் ஆட்டை ஓட்டிப் போய்த் திரும்பி வருகிறவர்கள். ஆட்டைத் தொடுவதற்கு முன்னால், காலையில் கிடையைக் கூட்டிய பெண்களிடம் போய் நிற்பேன். இளகியிருக்கிறதா, சளி ஒட்டியிருக்கிறதா, எந்த மூலையில் கிடந்தது, அந்த மூலையில் எந்த ஆடு படுத்தது என்று வரிசையாகச் சொல்வார்கள். எந்த டாக்டர் வந்தாலும் முதல் கேள்வி புழுக்கை எப்படி என்பதுதான். அதற்கு விளக்குமாறு பிடித்தவர்தான் பதில் சொல்ல முடியும். என்னோடு வந்த சிலர் அந்தப் பெண்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சட்டை போட்ட ஆம்பளையைத் தேடுவார்கள். அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது. திரும்பி அந்தப் பெண்களிடமே வருவார்கள், ஆனால் வந்த பிறகும் மரியாதையாகக் கேட்கத் தெரியாது.

அதனால் இன்றிலிருந்து அந்தம்மாவிடம் தினமும் புழுக்கையைப் பற்றிக் கேள். உருண்டையாக, காய்ந்து, புல் தூள் தெரிகிற மாதிரி இருந்தால் நல்லது. சின்னதாகி, ஒன்றோடொன்று முடியால் கோர்த்துக்கொண்டு வந்தால் தின்னக் கொடுக்கும் புல்லை அதிகமாக்கு. விடியற்காலையில் திராட்சைக் கொத்து மாதிரி மெத்தென்று ஒன்று வரும், அதை முயல் தானே வாய் வைத்துத் தின்றுவிடும். அருவருப்பு இல்லை, அதில்தான் அதற்குச் சத்து. பாப்பாவிடமும் சொல்லி வை, இல்லாவிட்டால் அதற்கும் யாரையாவது குற்றம் சொல்வாள். மூத்திரம் சில நாள் காவி நிறத்தில் போகும், பெரும்பாலும் தின்ற தழையின் சாயம்தான். முக்கினாலோ, இரண்டு நாளில் மாறாவிட்டாலோ டாக்டரிடம் காட்டு.

பார்சல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். நிழலில் காய வைத்த அருகம்புல் ஒரு சாக்கு. பூசணம் பிடிக்காமல் காற்றாட வை. பனை ஓலைப் பாய் இரண்டும் பெரிய கொட்டான், அதாவது ஓலைப் பெட்டி, ஒன்றும் இருக்கும், சாயம் போடாத ஓலையாகப் பார்த்து வாங்கினேன். கடித்தாலும் கெடுதல் இல்லை. கம்பித் தரையில் நின்று நின்று பின்னங்கால் அடி புண்ணாகும், அதற்குத்தான் பாய். கொட்டானைக் கவிழ்த்துப் பக்கத்தில் ஓட்டை போட்டால் ஒளிந்துகொள்ள இடம் ஆகும். பயந்தால் ஓடி ஒளிகிற ஜென்மம் அது, ஒளிய இடம் இல்லாவிட்டால் பயத்திலேயே தீனி குறையும். நம்ம கண்மாய்க் கரையில், உடை மரத்தடியில் கிடக்குமே, அந்த முயல் வேறு. அதன் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும், வளை தோண்டாது. பயல்கள் நாயை விட்டு விரட்டுவார்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று சொன்னால் சிரிப்பார்கள். உன் உப்பும் மிளகும் ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்ந்த முயலின் வம்சம். டைல்ஸைப் பிறாண்டுவது சேட்டை இல்லை.

கூண்டை உள் அறைக்கு மாற்று. மதியத்தில் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் துணியில் சுற்றிப் பக்கத்தில் போடு, காதை ஈரத் துணியால் ஒற்றி விடு. ஐஸ் தண்ணீரில் முக்காதே, குளிப்பாட்டவே வேண்டாம். காதைப் பிடித்துத் தூக்குவதைப் பாப்பா எங்கேயோ பார்த்திருக்கிறாள், அதை நிறுத்து. ஒரு கை மாருக்கு அடியில், ஒரு கை புட்டத்துக்கு அடியில். அவள் தரையில் உட்கார்ந்தே தொடட்டும். துள்ளி உதைத்தால் முயலின் முதுகெலும்பே முறிந்துவிடும். வீட்டில் மிச்சம் கிடக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பை வாயில் ஊற்றாதே, குடலில் இருக்கும் நல்ல கிருமி செத்தால் முயலும் சாகும். நாய்க்கு உண்ணி போக விடும் சொட்டு மருந்தில் ஃபிப்ரோனில் என்று இருந்தால் கிட்டவே கொண்டு வராதே.

இரண்டும் பெட்டை என்று கடைக்காரர் சொன்னதை நம்பாமல் டாக்டரிடம் காட்டிவிடு. ஜோடியாக இருந்தால் ஒரு மாதத்தில் குட்டி போடும், போட்ட கையோடு மறுபடியும் சினை பிடிக்கும். அப்புறம் உன் வீடு பண்ணைதான்.

அந்தம்மா விஷயத்தில் செய்ய வேண்டியது இது. திட்டியது பாப்பா முன்னால், அதனால் மன்னிப்பும் அவள் முன்னால்தான். சமையலறையில் தனியாகக் கூப்பிட்டு, "டென்ஷன்ல சொல்லிட்டேன்" என்று ஐநூறு ரூபாயைக் கையில் திணிக்காதே. "நீங்க சொன்னத நாங்க கேட்டிருக்கணும்" என்று சொல். பார்சலில் இரண்டு கட்டுக் கருப்பட்டி இருக்கிறது, ஒன்று அவருக்கு. ஆனால் அதை அன்றைக்குக் கொடுக்காதே. மன்னிப்போடு கருப்பட்டியைச் சேர்த்தால் கணக்குத் தீர்த்த மாதிரி ஆகிவிடும். ஒரு வாரம் கழித்துக் கொடு, அப்பா அனுப்பினார் என்று சொல். அவர் பதில் பேசாமல் போனாலும் அது அவர் இஷ்டம். உடனே சிரித்துக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்காதே.

மே மாதம் இங்கே வரும்போது முயல்களை ரயிலில் கொண்டு வர வேண்டாம். இந்தச் சூட்டில் தாங்காது. இங்கே உப்புக்காற்று அடித்தாலும் மதியம் கொளுத்துகிறது. மீன்பிடித் தடைக்காலம் வேறு, விசைப்படகெல்லாம் ஜூன் 14 வரை கரையில்தான், நல்ல மீனும் பெரிதாகக் கிடைக்காது. அதையும் மருமகளிடம் சொல்லிவிடு. முயல்களை அந்தம்மா பார்த்துக்கொள்வாரா என்று கேள். சாவியை நீட்டிக்கொண்டே கேட்காதே. அவர் யோசித்துச் சொல்லட்டும். சரி என்றால் அந்த நாட்களுக்குக் கூலி தனி, மாதச் சம்பளத்தில் அடக்காதே. முடியாது என்றால் முகத்தைத் தூக்காமல் வேறு இடம் பார். சென்னையில் காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன. புல் எங்கே இருக்கிறது, வேப்பேரியில் எழுதிக் கொடுத்த சீட்டு எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுப் புறப்படு. சேது எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்ததும் சொல், ராமநாதபுரம் ஸ்டேஷனுக்கு வண்டி பேச வேண்டும்.

அப்பா