அந்த நெனப்பு வர்ற பசங்களுக்கும் கதை வேணும்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

ப்ளஸ் ஒன் படிக்கிற என் பையன் ஒருநாள் அரிவாமணைய அரிசி ட்ரம்முக்கு பின்னாடி ஒளிச்சி வெச்சிட்டான், கத்திரிக்கா அரிய தேடுறேன் காணோம், கேட்டா "உன்ன வெட்டிடுவனோன்னு நெனப்பு வந்துனே இருக்குதும்மா"ன்னு ஒரே அழுகை. காத்து கருப்புன்னு மந்திரிச்சி கயிறு கட்டியே ஆறு மாசம் போச்சு. அப்புறம்தான் டாக்டர் சொன்னாரு, இது ஓசிடி, வேணாம்னாலும் ஒரே நெனப்பு திரும்ப திரும்ப வர்ற மனசு வியாதி, அந்த நெனப்பு ஆசை இல்ல, விரட்ட விரட்ட ஜாஸ்தியாவும், ஒளிக்காம பக்கத்துலயே உக்கார பழகணும்னு. இப்ப எங்கூட உக்காந்து காம்பு கிள்றான்.

இங்கிலீஷ்ல இப்படிப்பட்ட பசங்கள வெச்சி நாவல் இருக்குது, நம்ம தமிழ்ல இந்த வயசுக்கு கதைன்னாலே கம்மி. உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல ஒரு தொடர் போடுங்கய்யா, ஒரே நாள்ல சரியாயிட்ட மாதிரி மட்டும் எழுத வேணாம். கீழ மனநல உதவிக்கு கூப்புடுற டெலி மானஸ் 14416 நம்பரும் போடுங்க.

ஒரு அம்மா, காட்பாடி